வெறுந்திடலா, மேடைக் கூடாரமா, வேன் தரிப்பிடமா? மலைநாட்டுக் காணியில் முகாம் போடுவோருக்கு ஓர் ஒப்பீடு

“ஒரு ஏக்கர் காணி இருக்கிறது, காட்சியும் நன்றாக இருக்கிறது. கேம்பிங் தொடங்கினால் எதைத் தொடங்குவது?” அப்புத்தளை, எல்ல, ஹட்டன், மடுல்சீமை என்று பல பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. தொடங்குவதில் கேட்பவர்களுக்குத் தயக்கம் இல்லை. எந்த வகை என்பதில்தான் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது வெறுந்திடல்: வருபவர் தன் கூடாரத்தைத் தானே கொண்டுவந்து அடிப்பார், நீங்கள் சமன் செய்த இடம், தண்ணீர், கழிப்பறை மட்டும் கொடுப்பீர்கள். இரண்டாவது மேடைக் கூடாரம்: கால் நட்ட பலகை மேடையில் தடித்த கன்வஸ் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, பக்கத்தில் குளியலறை. மூன்றாவது வேன் தரிப்பிடம்: படுக்கை போட்ட வேனிலோ ஆட்டோவிலோ வருபவர் வண்டியை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, கரண்ட் எடுத்து, கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் இடம்.

மூன்றுக்கும் ஆள் வரக் காரணம் உண்டு. 2023 இல் திறந்த பீக்கோ நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் தோட்டங்களுக்குள்ளால் நுவரெலியா வரை போகிறது. அதில் நடப்பவர்கள் முன்பு யாரும் தங்காத ஊர்களில் இரவு தங்க இடம் தேடுகிறார்கள். வேன் பக்கத்தில் பார்த்தால், 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஆனால் ஆள் வருகிறார்கள் என்பதற்காக மூன்றும் உங்கள் காணிக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

## முதலில் அளவுகோல்கள்

காட்சியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மலைநாட்டில் காட்சி இல்லாத காணியைத் தேடத்தான் வேண்டும். பின்வரும் ஐந்தும்தான் தீர்மானிப்பவை. இவற்றில் முதல் இரண்டும் சரியாக வராவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்கத் தேவையில்லை.

மலையை எவ்வளவு வெட்ட வேண்டும்? இதுதான் முதற் கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதை இன்னும் பல மலைகளில் நடத்திக் காட்டியது. சரிவை வெட்டி மட்டமாக்கும்போது இரண்டு தவறு ஒன்றாக நடக்கிறது. மேல்பக்கத்தில் மண்ணைத் தாங்கிய அடி போய்விடுகிறது, கீழ்ப்பக்கத்தில் இறுகாத மண் சுமையாக ஏறுகிறது. மழைத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்கும்.

கணக்கு இப்படி. மூன்றுக்கு ஒன்று சரிவில், அதாவது மூன்று அடி போனால் ஒரு அடி இறங்கும் இடத்தில், சரிவின் போக்கில் 4 மீற்றர் அகலமுள்ள கூடாரத் தட்டு வெட்டினால் 1.3 மீற்றர் உயர வித்தியாசம். வேன் நிற்கவும் பக்கத்தில் கதிரை போடவும் 6.5 மீற்றர் அகலம் எடுத்தால் 2.2 மீற்றர். அதாவது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். கால் நட்ட மேடைக்கு வெட்டு பூச்சியம். காலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலைக்கும் நிலம் வெட்டுவதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதில் அடங்கும். கூடாரம்தானே, கட்டடம் இல்லையே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் அங்கே படுக்கப்போவது அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள். அறிக்கைக்கு முன்னே நீங்களே பார்க்கக்கூடியவை: நிலத்தில் வளைந்து ஓடும் வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், முன்பு இல்லாத இடத்தில் வரும் ஊற்று, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் துண்டில் யாரையும் படுக்க வைக்கக் கூடாது.

நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும்? வரவை அளக்க 20 லீற்றர் வாளியும் மணிக்கூடும் போதும். வாளி நிரம்ப 2 நிமிடம் என்றால் நாளுக்கு 14,400 லீற்றர். 20 நிமிடம் என்றால் 1,440 லீற்றர். மழை காலத்தில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பெப்ரவரி முடிவில் அளக்க வேண்டும், ஊவாப் பக்கம் ஓகஸ்ட், செப்டெம்பரில். அதே ஊற்றில்தான் கீழே லயத்துப் பீலி ஓடுகிறது என்றால் அந்தத் தண்ணீரில் உங்களுக்கு மிச்சம்தான் பங்கு. சுற்றுலாப் பயணி குளிக்கக் கீழே பிள்ளைகள் குடத்தோடு காத்து நிற்கும் நிலை வந்தால் அந்த முகாம் நடக்கவே கூடாது.

போகும் பக்கம் இன்னும் கடினம். கழிவுத் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண் குடிக்க வேண்டும். உறிஞ்சு குழி வரும் ஆழத்தில் 30 சென்ரிமீற்றர் குழி தோண்டி, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி 25 மில்லிமீற்றர் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் அங்கே உறிஞ்சு குழி ஆகாது, களிமண். ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போனால் அதுவும் ஆகாது, வடிகட்டாமல் நேரே ஊற்றுக்குப் போகும். கிணறு, ஊற்றிலிருந்து 18 மீற்றராவது தள்ளி வையுங்கள். ஊற்று கீழ்ச்சரிவில் இருந்தால் 30 மீற்றர். வெட்டிய மண் சுவருக்கு மேல் உறிஞ்சு குழி வைப்பது நீங்களே மலைக்குத் தண்ணீர் ஏற்றிச் சரிய வைப்பதற்குச் சமம்.

பாதை. எந்த வண்டி, எந்த மழையில், எதுவரை வரும்?

ஆண்டில் எத்தனை இரவு நிரம்பும்? உள்ளூர்க் கூட்டம் வெள்ளி, சனி இரவுகளில் வரும். ஆண்டுக்கு 104 இரவு. மேற்குச் சரிவில், ஹட்டன், வட்டவளை, தலவாக்கலை, மஸ்கெலியாவில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. மிஞ்சுவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, விடுமுறையையும் சேர்த்து 60 இரவு என்று வைக்கலாம். டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடக்கும் சிவனொளிபாதமலைப் பருவமும் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். கிழக்கே பண்டாரவளை, எல்ல, மடுல்சீமையில் மழை ஒக்டோபர் முதல் சனவரி வரை. பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை எடுத்தால் 90 இரவு கிடைக்கும். ஆனால் ஜூனிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்புத்தளைக் கணவாயில் அந்தக் காற்று கூடாரத்தின் கம்பியை வளைக்கும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் இடி மின்னல் இரண்டு பக்கத்துக்கும் பொது.

கடதாசி. காணி உறுதி உங்கள் பேரில் இருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் விஷயம். கடைசியில் விரிவாகச் சொல்கிறோம்.

## வழி 1: வெறுந்திடல்

பணம் குறைவாகப் போடும் வழி இது. வேலையும் குறைவு என்று நினைப்பதுதான் பிழை.

ஒரு கூடாரத்துக்கு 4 மீற்றருக்கு 4 மீற்றர் தட்டு. குடும்பக் கூடாரத்துக்கு 5 க்கு 5. பழைய தேயிலைக் காணியில் ஏற்கனவே தட்டு வெட்டியிருந்தால் அதையே எடுங்கள், புதிதாக வெட்ட வேண்டாம். தட்டு முற்றாக மட்டமாக இருக்கக் கூடாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு சரிவு இருந்தால்தான் தண்ணீர் நிற்காது. தட்டுக்கு மேலே தண்ணீர் வடியக் கான் வெட்டி, 120 அடிக்கு 1 அடி இறக்கத்தில் பக்கவாட்டில் கொண்டுபோய்க் கல் பதித்த பெரிய கானில் விடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சரிவு கூடினால் கானே அரித்து ஓடையாகும், குறைந்தால் மண் அடைத்து உடைக்கும். கான் கரையில் மானாப்புல் நடலாம்.

20 பேருக்கு 4 கழிப்பறை, பெண்களுக்கு இரண்டு தனியே, குளிக்க இரண்டு அறை. ஆளுக்கு நாளுக்கு 60 லீற்றர் வைத்தால் 1,200 லீற்றர் கழிவுத் தண்ணீர். இரண்டு நாள் தங்கிப் படியவும், படிந்த சேறு சேரவும் 3,500 லீற்றர் கொள்ளும் இரண்டறைத் தொட்டி வேண்டும். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. கட்டுபவரிடம் கழிவுத் தொட்டிக்கான இலங்கைத் தரம் 745 இன்படி கட்டச் சொல்லுங்கள். அடி திறந்த ஒற்றைக் குழியைத் தொட்டி என்று கட்டிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். குளிக்கும் தண்ணீரையும் அதே தொட்டியில் விட்டால் சவர்க்கார நுரையும் வேகமும் சேர்ந்து படிந்த சேற்றைக் கிளப்பி உறிஞ்சு குழியை அடைக்கும். அதற்குத் தனியாகக் கல் நிரப்பிய நீளக் குழி போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. இரவுக் காவலுக்கு ஒருவர் கட்டாயம், நான்கே பேர் வந்தாலும். கழிப்பறை கழுவ காலையும் மாலையும் ஆள். புல்லுக்கு ஓய்வு: மூன்று இரவு தொடர்ந்து கூடாரம் நின்ற தட்டை ஒரு கிழமையாவது விட வேண்டும். அதனால் கூடார எண்ணிக்கையைவிடக் கூடுதலாகத் தட்டு வேண்டும். மின்னல் நாளில் எல்லோரும் ஓடி ஒதுங்க ஒரு கட்டடம். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல, மேட்டு முகட்டில் அடித்த கூடாரம் மிக மோசம். சமையல் கொட்டகையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் இரண்டு வேலைக்கும் ஆகும்.

இங்கே பலர் மறக்கும் ஒன்று, குளவி. கொழுந்து பறிப்போர் ஒவ்வோர் ஆண்டும் படும் துன்பம் அது. திடலைச் சுற்றிய மரங்களையும் பற்றைகளையும் பாறை இடுக்கையும் கிழமைக்கு ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். கூடு கண்டால் அந்தப் பக்கம் மூடுங்கள். விருந்தினர் மூட்டும் நெருப்பின் புகையே கூட்டைக் கிளப்பிவிடும். அட்டைக்குப் பரிகாரம் புல்லைக் குட்டையாக வெட்டுவதும் நடைபாதைக்குச் சல்லி போடுவதும்தான். சாப்பாட்டு மிச்சத்தை மூடியுள்ள தகரப் பீப்பாயில் போட்டு இரவே உள்ளே எடுங்கள். மிச்சத்துக்கு நாயும் பன்றியும் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

இரவுக் குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுக்க விடவே கூடாது. சனவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறையும் இரவுகளில் ஆட்கள் இதைச் செய்யப் பார்ப்பார்கள். கரி விடும் காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். போர்வையை வாடகைக்கு வைத்திருந்தால் இந்த ஆசையே வராது.

இது நல்ல தெரிவு ஆகும் இடம்: ஏற்கனவே தட்டுள்ள பழைய தேயிலைக் காணி அல்லது மரக்கறித் தோட்டம், பஸ் போகும் ரோட்டிலிருந்து நடை தூரம், காணியிலேயே குடியிருக்கும் குடும்பம்.

## வழி 2: மேடைக் கூடாரம்

மலையை வெட்டாத வழி என்பதால் செங்குத்தான காணிக்கு எங்கள் விருப்பம் இதுதான். ஆனால் இது கூடார வியாபாரம் போலத் தெரிந்தாலும் உள்ளே ஹோட்டல் வேலை. சலவை, மெத்தை, சுடுதண்ணீர், சாப்பாடு எல்லாம் உங்கள் தலையில்.

மேடை 4 மீற்றருக்கு 6 மீற்றர் என்றால் கூடாரத்துக்கு 4 க்கு 4, முன்னால் 2 மீற்றர் திண்ணை. கால்களுக்கு யூக்கலிப்டஸ் மரம் மலிவு என்று மண்ணில் நேரே நடுவார்கள். மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் அது முதலில் உக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கல்வனைசு இரும்புக் குழாயைக் கொங்கிரீட் அடியில் நிறுத்துங்கள். மரம்தான் வேண்டுமென்றால் கொங்கிரீட்டுக்கு மேலே இரும்புத் தகட்டில் ஏற்றுங்கள், மண்ணைத் தொடக் கூடாது. மேல்பக்கத்திலும் தரைக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும், காற்று ஓட. பலகைக்குப் பலகை 6 மில்லிமீற்றர் விடுங்கள். நெருக்கி அடித்தால் மழையில் ஊதித் தூக்கும்.

கன்வஸைக் காற்றுக்குக் கட்டும் கயிறு மேடைப் பலகையில் இருக்கக் கூடாது. பலகை பிடுங்கிக்கொண்டு போகும். கயிறு மேடையின் இரும்புச் சட்டத்துக்கோ தரையில் புதைத்த கொங்கிரீட்டுக்கோ போக வேண்டும். கூடாரத்துக்கு மேலே ஒரு அடி இடைவெளியில் இரண்டாவது கூரை போட்டால் வெயிலும் மழையும் நேரே படாது, கன்வஸ் நீடிக்கும். தகரக் கூரை போட்டால் மழை இரவில் உள்ளே பேச்சே கேட்காது. அதனால் இரண்டாவது கூரையும் துணியாக இருப்பதே நல்லது.

இனிப் பூஞ்சணம். மலைநாட்டில் மேடைக் கூடாரத்தைத் தோற்கடிப்பது காற்றோ மழையோ அல்ல, பூஞ்சணம்தான். மூடுபனி நாட்களில் ஆள் இல்லாத கூடாரத்தை மூடி வைத்தால் மெத்தை அடியில் ஒரு கிழமையில் கறுப்புப் புள்ளி விழும். கட்டில் சட்டம் சலாகையாக இருக்க வேண்டும், மெத்தையைக் காலையில் நிமிர்த்த வேண்டும், யாரும் வராத நாளிலும் பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூட வேண்டும். பருவ மழையில் இரண்டு கிழமை வெயில் வராத காலத்தில் படுக்கை விரிப்பு எங்கே காயும் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். ஐந்து கூடாரம் என்றால் உலர்த்தும் இயந்திரம் இல்லாமல் முடியாது. அதன் மின் கட்டணம் பலருடைய கணக்கில் இல்லவே இல்லை.

சுடுதண்ணீருக்குச் சூரிய வெப்பத் தாங்கி பண்டாரவளையில் ஓரளவு உதவும். மூடுபனி இறங்கும் நானுஓயா, பட்டிப்பொலவில் அதை மட்டும் நம்ப முடியாது. கேஸ் கொதிகலன் வைப்போர் அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த சுவரில் பொருத்துங்கள். குளிருக்கென்று சன்னலை அடைத்த சிறிய குளியலறைக்குள் அது எரிந்தால் கரி அடுப்புச் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீர்க் கணக்கில் ஒரு வியப்பு உண்டு. ஐந்து மேடைக் கூடாரத்தில் 10 பேர். குளிப்பு, சலவை, சமையல் சேர்ந்து ஆளுக்கு 120 லீற்றர் என்றால் நாளுக்கு 1,200 லீற்றர். திடலில் 20 பேர் விடும் அழுக்குத் தண்ணீரும் அவ்வளவுதான். ஆகவே ஆள் குறைவு, தொட்டியைச் சிறிதாகக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

கன்வஸ் தேய்மானத்தை ஒரு இரவுக்குப் பிரித்துப் பாருங்கள். ஊவாப் பக்கம் நன்றாகப் பராமரித்து 4 வருடம், ஆண்டுக்கு 90 இரவு என்று வைத்தால் 360 இரவு. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் 3 வருடம், 60 இரவு என்றால் 180 இரவு. ஒரே விலைக் கன்வஸ் அங்கே இரவொன்றுக்கு இரண்டு மடங்கு செலவு. மழைச் சரிவில் காணி இருப்போர் கன்வஸை விட்டுத் தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட சிறு குடிலை யோசிப்பது நல்லது. மேடை அதேதான்.

பீக்கோ நடைபாதையில் நடப்பவர் முதுகில் கூடாரம் சுமக்க விரும்பமாட்டார். கட்டிலும் சுடுதண்ணீரும் சோறும் கறியும் வேண்டும். நடைபாதைக் கட்டம் முடியும் ஊரில், கிழமை நாளிலும் ஆள் வரும் இடத்தில், இதுதான் சரி. ஒன்றுடன் தொடங்க வேண்டாம். ஒரு கூடாரத்துக்கும் மூன்றுக்கும் வேலை ஆள் ஒரே எண்ணிக்கைதான்.

## வழி 3: வேன் தரிப்பிடம்

வெளிநாட்டுப் படங்களில் வரும் பஸ் அளவு வீட்டு வண்டிகளை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே வருவது ஹயேஸ், எவ்ரி போன்ற வேன்களில் கட்டில் போட்டவை, பழைய கொம்பி, கூரையில் கூடாரம் ஏற்றிய ஜீப், ஆட்டோ. நீளம் 5.5 மீற்றருக்குள், உயரம் பெட்டி ஏற்றினாலும் 3 மீற்றருக்குள். இந்த அளவுக்குத் திட்டமிட்டால் போதும்.

முதற் சோதனை பாதை. பிரதான வீதியிலிருந்து காணி வாசல் வரை எட்டுக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றம் இருந்தால் ஈர மண்ணில் வேன் ஏறாது. பின் சில்லால் தள்ளும் வேனில், முன்னால் பாரமும் பின்னால் வெறுமையுமாக இருக்கும்போது சில்லு சுழன்று நிற்கும். அந்தத் துண்டுக்கு இரண்டு தடக் கொங்கிரீட், குறுக்கே கோடு கீறி, போட வேண்டியிருக்கும். உள்ளே திரும்ப 12 மீற்றர் வட்டம் அல்லது ஆங்கில டீ வடிவத் திருப்பம் வேண்டும். இரவில் மூடுபனியில் பின்னால் எடுத்து இறங்கச் சொல்லும் காணியில் இந்த வியாபாரம் வேண்டாம். பெரகலையிலிருந்து ஹாலிஎல போகும் ஏ16, ஹட்டன் வழியாக வரும் ஏ7, பேராதனையிலிருந்து பதுளை போகும் ஏ5 ஆகியவற்றை ஒட்டிய மட்டமான காணிகளுக்குத்தான் இது இயல்பாகப் பொருந்துகிறது.

ஒரு தரிப்புக்கு 3.5 மீற்றருக்கு 7 மீற்றர், 50 க்கு 1 க்கு மேல் சரிவு இல்லாமல். அதற்கு மேல் சரிந்தால் உள்ளே படுப்பவர் இரவெல்லாம் உருளுவார். தேயிலை மண் மேலே மெதுமை, அதை வழித்துவிட்டு 150 மில்லிமீற்றர் ஏபிசி, அதாவது வீதி அடித்தளத்துக்குப் போடும் கலப்புக் கல், போட்டு இறுக்க வேண்டும். இறுக்கியபின் 3.7 கனமீற்றர் வர, ஒரு தரிப்புக்கு ஏறத்தாழ 1.6 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) இறக்க வேண்டும். ஐந்துக்கு 8 கியூப். டிப்பர் வாசல் வரை வராவிட்டால் சிறிய லொறியில் மாற்றி ஏற்றும் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். சல்லியை மட்டும் பரப்பினால் முதல் மழையிலேயே மண்ணுக்குள் இறங்கும்.

கரண்டில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். 16 அம்பியர் வீதம் ஐந்து தரிப்பு என்றால் 80 அம்பியர். வீட்டு இணைப்பு 30 அம்பியர் ஒற்றைக் கட்டம். வேனில் இருப்பது 12 வோல்ட் பட்டரி, அதை ஏற்றவும் விளக்குக்கும் போனுக்கும் 6 அம்பியர் தாராளம். தேநீர் வைக்க 2 கிலோவாற்றுக் கேத்தல் போடுவார்கள் என்று நினைத்தால் 10 அம்பியர். ஆகவே 10 அம்பியர் பிரேக்கர் வைத்து, ஐந்து பேரும் ஒரே நேரம் கேத்தல் போட முடியாது என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் தனித்தனியே வேண்டும். பொதுவாக ஒன்று வைத்தால் ஒரு வேனின் ஈர வயர் எல்லோரையும் இருட்டாக்கும். 60 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 16 அம்பியரில் 17 வோல்ட் விழும், பட்டரி சார்ஜர் தடுமாறும். 6 சதுர மில்லிமீற்றர் கவச வயரில் 7 வோல்ட்தான். புதைக்கும் வேலை ஒரே கூலி, வயரில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கழிவுப் பெட்டி அடுத்தது. வேனுக்குள் வைக்கும் கழிப்பறையின் பெட்டி 20 லீற்றர் வரை கொள்ளும், அதில் ஊற்றும் நீல மருந்தில் போமல்டிகைட் இருக்கலாம். அது உங்கள் தொட்டியில் கழிவைக் கரைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். இரண்டு மூன்று பெட்டி கொட்டியபின் தொட்டி நாறத் தொடங்கும், உறிஞ்சு குழி அடைக்கும். கொட்டுவதற்குத் தனிச் சிறு தொட்டி கட்டி, நிரம்பியதும் கழிவை உறிஞ்சி ஏற்றும் பவுசர் வண்டிக்குக் கொடுப்பதே சரி. பவுசர் வரும் பாதை உண்டா, அதன் குழாய் எட்டுமா என்று பிரதேச சபையில் முன்னரே கேளுங்கள். தொட்டி வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 மீற்றருக்குக் கீழே இருந்தால் உறிஞ்சுவது கடினம். உயரமான ஊர்களில் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் கடினம்.

வருமானம்? வேனில் வருபவர் படுக்கையோடு வருகிறார், வீதியோர வாகனத் தரிப்பிலும் சும்மா தூங்க அவரால் முடியும். உங்களிடம் அவர் வாங்குவது குளிக்கும் சுடுதண்ணீர், சுத்தமான கழிப்பறை, துணி துவைப்பு, கேட் பூட்டிய இரவு. விலை குறைவாகத்தான் கேட்க முடியும். ஆனால் கிழமை நாளிலும் மழை நாளிலும் வருவார், மின்னலுக்கு இரும்பு உடல் வேன் கூடாரத்தைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. கடையோ சாப்பாட்டுக் கூடமோ ஏற்கனவே நடத்துவோருக்கு இது நல்ல துணை வருமானம். தனி வியாபாரமாக இன்றைய வண்டி எண்ணிக்கைக்குத் தாங்காது என்பது எங்கள் கணிப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெறுந்திடல் | மேடைக் கூடாரம் | வேன் தரிப்பிடம் |
|---|---|---|---|
| மூன்றுக்கு ஒன்று சரிவில் வெட்டு | தட்டுக்கு 1.3 மீற்றர் | இல்லை | 2 மீற்றருக்கு மேல் |
| தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு | 60 லீற்றர் | 120 லீற்றர் | குறைவு, ஆனால் தாங்கி நிரப்ப ஒரே தடவையில் நிறைய |
| பாதை | நடைபாதை போதும் | ஆட்டோ வந்தால் போதும் | வேன், டிப்பர், பவுசர் மூன்றும் வர வேண்டும் |
| மழை மாதங்களில் | மூடல் | பாதி | ஓடும் |
| பலர் மறக்கும் செலவு | இரவுக் காவல், புல்லின் ஓய்வு | உலர்த்தல், பூஞ்சணம் | வயர், கல் ஏற்றும் கூலி, பவுசர் |
| கைவிட நேர்ந்தால் மிஞ்சுவது | கழிப்பறை, தட்டு | மேடை, குளியலறை | இறுக்கிய கல், கொங்கிரீட் |

## கலந்து செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். கழிப்பறையையும் தொட்டியையும் இறுதியில் வரப்போகும் ஆள் எண்ணிக்கைக்கே முதலில் கட்டிவிடுங்கள், பிறகு பெருப்பிக்க முடியாத ஒரே பகுதி அதுதான். முதல் வருடம் திடலாக நடத்துங்கள். ஒரு முழு மழையைப் பார்த்தபின், தண்ணீர் தொடாத இடங்களில் மூன்று மேடை ஏற்றுங்கள். வேனுக்கு ரோட்டோர மட்டத் துண்டு இருந்தால் அங்கே இரண்டு தரிப்பு, கூடாரங்களிலிருந்து 30 மீற்றராவது தள்ளி. விடிகாலையில் எஞ்சின் போட்டுச் சூடாக்கும் புகையும் முன்விளக்கும் கூடாரத்தின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## கடதாசி

காணி உறுதி இருந்தால் பிரதேச சபையின் வியாபார உரிமம், கட்டட ஆராய்ச்சி நிறுவன அறிக்கை, இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு என்ற வரிசையில் போங்கள். சாப்பாடு விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் நாளே அழைத்துச் சமையலறையைக் காட்டுங்கள். பிழை சொன்னால் திருத்துவது அப்போது மலிவு.

தோட்டக் காணியில் நடத்த நினைப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன தோட்டங்களின் நிலம் அரசுக்குச் சொந்தமானது, கம்பனியிடம் இருப்பது குத்தகை. தோட்ட முகாமையாளரான துரை வாயால் சொன்ன சம்மதம் அடுத்த துரை வரும்வரைதான். எழுத்தில் துணைக் குத்தகையும் அதற்கு மேலிடத்து அனுமதியும் இல்லாமல் ஒரு மூட்டை சீமெந்துகூட அங்கே இறக்காதீர்கள். லயத்து வீட்டோடு கிடைத்த சில பேர்ச்சஸ் நிலம் மட்டும் இருப்போருக்கு மூன்று வழியும் பொருந்தாது. ஆனால் பக்கத்தில் முகாம் நடத்துபவருக்குச் சலவையும் சமைத்த சாப்பாடும் கொடுக்கும் வேலை அந்த இடத்திலேயே நடக்கும். மழை மாதத்தில் ஐந்து கூடாரத்து விரிப்புகளைக் காய வைத்துத் தரும் ஒரு வீடு கிடைத்தால், மேடைக் கூடாரக்காரர் உலர்த்தும் இயந்திரமே வாங்க வேண்டியதில்லை.